ஆமணக்கு முத்து ஆணிமுத்து ஆகுமா?

‘ஆமணக்கு முத்து ஆணிமுத்து ஆகுமா?’ என்று ஒரு பழமொழி உண்டு. பெயரில் முத்து இருந்தாலும் மதிப்பில் அது கொட்டைதான் என்பது பொருள். சேலம், நாமக்கல், தர்மபுரி, ஈரோடு பக்கத்து மானாவாரி விவசாயிகள் ஆமணக்கை இன்றும் பெரும்பாலும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். நிலக்கடலைக்குள் ஊடுபயிராகச் சில வரிசை, மஞ்சள் வயலின் வரப்போரத்தில் கொஞ்சம், தோட்டத்துக் கடைசியில் தானாக முளைத்தது நாலு செடி. காய்ந்த குலையைத் தட்டி, மூட்டை கட்டி, வரும் வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்த மூட்டை எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. உலகச் சந்தைக்கு வரும் ஆமணக்கு எண்ணெயில் மிகப் பெரும்பகுதி இந்தியாவினுடையது. அதிலும் பெரும்பகுதி குஜராத்தின் விளைச்சல். சீனாவும் ஐரோப்பாவும் அதை வாங்கிப் போய் நைலான் ஆக்குகின்றன, கிரீஸ் ஆக்குகின்றன, காரின் எரிபொருள் குழாய் ஆக்குகின்றன. உங்கள் வீட்டுப் பிள்ளை தின்னும் சாக்லேட்டின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பல உறைகளில் ‘எமல்சிஃபையர் 476’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அது ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலத்தில் இருந்து செய்த பொருள். சாக்லேட் பாகு அச்சுக்குள் கெட்டிப்படாமல் இளகி ஓடுவதற்காகச் சேர்ப்பது.

கொழுப்பு அமிலங்களை நொதிகளைக் கொண்டு விலையுள்ள ரசாயனங்களாக மாற்றும் தொழில் உலகெங்கும் வளர்ந்து வருகிறது. அதைப் பற்றி வேளாண் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தொழில் தேடும் சரக்குகளில் ஒன்று உங்கள் வரப்பில் விளைகிறது. அந்தத் தொழிலில் கூலி இல்லாமல் வேலை செய்யும் நொதியின் உறவுக்கார நொதி ஒன்று உங்கள் மூட்டைக்குள்ளும் இருக்கிறது. அங்கே அது உங்கள் பணத்தைத்தான் கரைக்கிறது. எவ்வளவு கரைந்தது என்று அளந்து சொல்ல விற்கும் இடத்தில் ஆளில்லை. நம்முடைய வழக்கு இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றியது. அதற்கு முன் எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

எந்தத் தாவர எண்ணெயையும் ஒரு மூன்று பல் முள்கரண்டி போல நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி கிளிசரின். பற்கள் மூன்றும் கொழுப்பு அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் அந்தப் பற்கள் குட்டை, கடலை எண்ணெயில் நீளம். ஒவ்வொரு பல்லும் கரி அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. கடலை எண்ணெயில் அதிகம் இருப்பது ஓலியிக் அமிலம். அதில் 18 கரி அணுக்கள். ஆமணக்கிலும் 18 தான். ஆனால் 12-வது அணுவில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கொக்கி தொங்குகிறது. அந்தக் கொக்கி உள்ள அமிலத்துக்கு ரிசினோலியிக் அமிலம் என்று பெயர். ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 சதவீதம் வரை இந்த ஒன்றுதான். விளக்கெண்ணெய் அவ்வளவு கெட்டியாக, பிசுக்கென்று இருப்பதற்கும் அந்தக் கொக்கிதான் காரணம். சங்கிலிகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. ரசாயனத் தொழிலுக்கு அந்தக் கொக்கி ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துச் சங்கிலியை வேண்டிய இடத்தில் வெட்டலாம், ஒட்டலாம், வளைக்கலாம். கொக்கி இல்லாத கடலை எண்ணெயிலோ சூரியகாந்தி எண்ணெயிலோ அந்த வசதி கிடையாது.

அந்தக் கொக்கியை மாட்டுவது யார்? செடியே மாட்டுகிறது. விதை முற்றும்போது உள்ளே இருக்கும் ஒரு நொதி ஓலியிக் அமிலத்தைப் பிடித்து 12-வது இடத்தில் கொக்கியைப் பொருத்துகிறது. நொதி என்றால் என்சைம். உயிருள்ளவை தங்கள் உடம்புக்குள் வைத்திருக்கும் வேலையாள் புரதம். தோசை மாவு புளிப்பதும் பால் தயிராவதும் நுண்ணுயிரிகளின் நொதிகள் செய்யும் வேலைதான். ஒரு நொதிக்கு ஒரு வேலை தெரியும். அதை மட்டும் சாதாரண வெப்பத்தில் பிசகாமல் செய்யும்.

1995-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆமணக்கின் இந்த நொதிக்கான மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அவ்வளவுதான், இனி எந்த எண்ணெய்ச் செடியிலும் இதை வைத்து ஆமணக்கு எண்ணெய் எடுத்துவிடலாம் என்று அப்போது பலரும் எண்ணினார்கள். ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடோப்சிஸ் என்ற சிறு செடிக்குள் அந்த மரபணுவை வைத்துப் பார்த்ததில், கொக்கி போட்ட அமிலம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழேதான் வந்தது. கொக்கியை மாட்டினால் போதாது, கொக்கி மாட்டிய அமிலத்தை எண்ணெயில் ஏற்றி அடுக்கவும் ஆமணக்கிடம் தனி நொதிகள் இருக்கின்றன என்பது பின்னால்தான் புரிந்தது. அவற்றில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தபோது அளவு உயர்ந்தது. ஆனால் ஆமணக்கின் 85, 90 சதவீதம் எட்டாத உயரமாகவே இருக்கிறது. ஆமணக்கு விவசாயி இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. உங்கள் சரக்குக்கு மாற்றுச் சரக்கு எளிதில் கிடைப்பதில்லை. பேரம் பேசும்போது அது உங்கள் பக்கத்து எடைக்கல்.

இந்த அமிலத்தை இதுவரை தொழிற்சாலைகள் முரட்டு வழியில்தான் கையாண்டு வந்திருக்கின்றன. காஸ்டிக் சோடா சேர்த்துக் கடும் சூட்டில் வெட்டினால் செபாசிக் அமிலம். அதில் இருந்து ஒரு வகை நைலான். எண்ணெயை வேறு வடிவத்துக்கு மாற்றி 500 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் உடைத்தால் இன்னொரு அமிலம்; அதில் இருந்து நைலான்-11. பிரான்சின் மார்சேய் நகரில் பல பத்தாண்டுகளாக இந்த நைலானுக்கான மூலப்பொருள் ஆமணக்கில் இருந்து தயாராகிறது. வேலை நடக்கிறது, ஆனால் எரிபொருள் செலவு, காரக் கழிவு எல்லாம் கூடவே வருகின்றன. ரிசினோலியிக் அமிலத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. முள்கரண்டியின் பற்களைக் கைப்பிடியில் இருந்து கழற்ற, மற்ற எண்ணெய்களுக்குச் செய்வது போல 250 டிகிரி நீராவியை அழுத்தத்தோடு செலுத்தினால், அந்த அருமையான கொக்கியே தண்ணீராகப் பிரிந்து போய்விடக்கூடும். எதற்காக ஆமணக்கை வாங்கினோமோ அதுவே போய்விடும்.

இங்கேதான் லிப்பேஸ் என்ற நொதி வருகிறது. பற்களைக் கைப்பிடியில் இருந்து கழற்றுவதே அதன் தொழில். 35, 40 டிகிரி வெதுவெதுப்பில், கொக்கியைத் தொடாமல் கழற்றித் தருகிறது. இது ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். 1902-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஆமணக்கு விதையையே அரைத்து, எண்ணெயும் தண்ணீரும் கொஞ்சம் அமிலமும் சேர்த்துக் கலக்கி வைத்தால், எண்ணெய் தானாகக் கொழுப்பு அமிலமாகவும் கிளிசரினாகவும் பிரிகிறது என்று காட்டினார்கள். சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் கொழுப்பு அமிலம் செய்ய அந்த முறை ஆலைகளிலும் புகுந்தது. ஆமணக்கு விதைக்குள் இருக்கும் லிப்பேஸ் அவ்வளவு வீரியமானது. பிறகு நீராவியும் அழுத்தமும் மலிவானதும் அந்த முறை பின்வாங்கியது. நூறு ஆண்டு கழித்து இப்போது நொதிகள் வேறு வடிவில் திரும்பி வருகின்றன. சாக்லேட்டில் சேரும் 476-ஐயே சூடேற்றாமல் லிப்பேஸ் கொண்டு செய்யும் முறையை ஸ்பெயினின் முர்சியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட ருசிகரமான கதை பீச் பழ வாசனையின் கதை. பீச் பழத்துக்கு அந்த மணத்தைத் தருவதில் காமா டெக்காலாக்டோன் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு. ஐஸ்கிரீம், பானம், மிட்டாய் எல்லாவற்றுக்கும் அது தேவை. பழத்தில் இருந்து எடுத்தால் கட்டுப்படியாகாது, அவ்வளவு சொற்பம். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பான் ஆய்வாளர்கள் சில ஈஸ்டுகளுக்கு ரிசினோலியிக் அமிலத்தைத் தீனியாகக் கொடுத்து, அது எப்படிச் செரிமானம் ஆகிறது என்று பார்த்தார்கள். அவர்கள் கண்டதன் மேல்தான் பின்னாளில் இந்த வாசனைத் தொழில் எழுந்தது.

கணக்கு எளிது. ஈஸ்டு கொழுப்பு அமிலத்தைத் தின்னும்போது சங்கிலியின் ஒரு முனையில் இருந்து இரண்டு இரண்டு கரி அணுவாக வெட்டித் தின்னும். கரும்பைக் கணு கணுவாகக் கடிப்பது போல. 18 அணுச் சங்கிலியில் நான்கு கடி கடித்தால் எட்டு போகும், மீதி 10. கொக்கி இருந்தது 12-வது இடம்; எட்டைக் கழித்தால் இப்போது 4-வது இடம். நாலாவது இடத்தில் கொக்கி வந்துவிட்டால், அது சங்கிலியின் முனையோடு வளைந்து சேர்ந்து ஒரு வளையமாக மூடிக்கொள்ளும். அந்த வளையம்தான் பீச் மணம். ஆமணக்கின் கொக்கி 12-ல் இருப்பதால் மட்டுமே இந்தக் கணக்கு இப்படிக் கச்சிதமாக விழுகிறது. 11-ல் இருந்திருந்தால் விழாது.

சிக்கல் என்னவென்றால் ஈஸ்டு நான்காவது கடியோடு நிற்காது; விட்டால் ஐந்தாவது கடியையும் கடித்து வாசனையையும் சேர்த்துத் தின்றுவிடும். அதனால் யாரோவியா லிப்போலிட்டிகா என்ற ஈஸ்டில், வெட்டும் நொதிகளில் சிலவற்றை நீக்கிவிட்டு, வேண்டிய இடத்தில் நிற்கும் ரகங்களை உருவாக்கினார்கள். நாம் களையெடுப்பது போல அவர்கள் நொதியெடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படித் தாவர எண்ணெயில் இருந்து நுண்ணுயிரி வழியாகக் கிடைக்கும் வாசனையை ‘இயற்கை வாசனை’ என்று குறிப்பிட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சட்டம் இடம் தருகிறது. முழுக்க ரசாயன முறையில் செய்த அதே பொருளைவிட இதற்குப் பல மடங்கு விலை. தொடக்கத்தில் இருந்த அந்தக் கொழுத்த விலை, பல நிறுவனங்கள் இதில் இறங்கியதும் சரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாசனைச் சந்தை சின்னது. சில ஆலைகளே உலகத்துக்குப் போதும். ‘பீச் மணம் எடுக்கலாம் வாருங்கள்’ என்று யாராவது உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு வந்தால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நொதித் துறையில் வேகம் இருப்பது உண்மை. நொதிகளைத் தேவைக்கேற்பத் தேர்ந்து தேர்ந்து மேம்படுத்தும் முறைக்காக அமெரிக்காவின் பிரான்சஸ் அர்னால்டு 2018-ல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பெற்றார். நெல்லில் நாம் தலைமுறை தலைமுறையாக நல்ல கதிரைப் பொறுக்கி விதைக்கு வைத்தோமே, அதே வேலையை அவர் சோதனைக் குழாயில் சில வாரங்களில் செய்தார் என்று சொல்லலாம். 2017-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் குளோரெல்லா என்ற பாசியில் ஒரு நொதியைக் கண்டார்கள்; அது நீல வெளிச்சம் பட்டால் கொழுப்பு அமிலத்தை டீசலில் உள்ளது போன்ற ஹைட்ரோகார்பனாக மாற்றுகிறது. இதெல்லாம் நாளைக்கே தொழிலாகும் என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம். ஆனால் பக்கத்திலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. ஓலியிக் அமிலத்தில் தண்ணீரைச் சேர்த்துப் பத்தாவது இடத்தில் கொக்கி போடும் பாக்டீரியாவை 1962-லேயே அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்கள். பத்து வேறு, பன்னிரண்டு வேறு. பீச் கணக்கு அதில் விழாது. ஆனாலும் கிரீஸ் போன்ற சில உபயோகங்களுக்கு மலிவான எண்ணெயில் இருந்தே கொக்கி போட்ட அமிலம் ஒருநாள் போட்டிக்கு வரலாம். நம் எடைக்கல் காலகாலத்துக்கும் நம் தட்டிலேயே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, நொதி ஆலை உங்களிடம் என்ன கேட்கும்? நொதி விலை அதிகம். அதனால் அதைச் சிறு மணிகளில் ஒட்டவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். எண்ணெயில் கசடு, பிசின், கெட்டுப்போன வாடை, உலோகத் துகள் எது இருந்தாலும் அந்த மணிகள் சீக்கிரம் செத்துப்போகும். நொதி வெப்பத்துக்கு மட்டுமல்ல, அழுக்குக்கும் மென்மையானது. ஆகவே இந்தத் தொழில் வளர வளர, சுத்தமான, காய்ந்த, உடையாத கொட்டையில் எடுத்த எண்ணெய்க்குத் தேவை கூடும். மற்றதற்கு விலை இறங்கும்.

இப்போது உங்கள் மூட்டைக்கு வருவோம். 1902-ல் ஜெர்மானியர் ஆலையில் வேலை வாங்கிய அந்த லிப்பேஸ் உங்கள் கொட்டைக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. செடி அதை வைத்திருப்பது, விதை முளைக்கும்போது எண்ணெயை உடைத்துக் குருத்துக்குச் சாப்பாடு போடுவதற்காக. கொட்டை காய்ந்து, ஓடு உடையாமல் இருக்கும்வரை நொதியும் எண்ணெயும் தனித்தனி அறையில் இருக்கின்றன. தடியால் அடித்துக் கொட்டை நசுங்கினால் சுவர் இடிகிறது. ஈரம் சேர்ந்தால் நொதி விழித்துக்கொள்கிறது. பிறகு மூட்டைக்குள் பற்கள் கழறுகின்றன. கழன்ற அமிலத்தை எண்ணெய் வியாபாரத்தில் எஃப்.எஃப்.ஏ. என்பார்கள்; விடுபட்ட கொழுப்பு அமிலம். ஏற்றுமதிக்குப் போகும் முதல் சிறப்புத் தர ஆமணக்கு எண்ணெயில் அது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 3 சதவீதத்தை ஒட்டினால் சாதாரண வணிகத் தரம். அதற்கு மேல் போனால் பேரம் வாங்குபவர் கைக்குப் போய்விடும்.

ஆலை எப்படியும் அமிலத்தைப் பிரிக்கத்தானே போகிறது, மூட்டையிலேயே பிரிந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆலையில் பிரியும்போது அமிலமும் கிளிசரினும் பாத்திரத்தில் தங்கும். மூட்டையில் பிரியும்போது கூடவே பூஞ்சணம் வருகிறது, நிறம் கருக்கிறது, சிக்கு வாடை ஏறுகிறது. எண்ணெயைச் சுத்திகரிக்கக் காரம் சேர்க்கும்போது விடுபட்ட அமிலம் முழுக்கச் சோப்பாகி வெளியேறும்; போகிற போக்கில் நல்ல எண்ணெயையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். ஒரு குவிண்டால் கொட்டையில் 48 கிலோ எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், எஃப்.எஃப்.ஏ. 5 சதவீதம் என்பது 2.4 கிலோ. இழுத்துக்கொண்டு போவது தனி. இந்த இழப்பை ஆலை ஏற்காது, வியாபாரியும் ஏற்க மாட்டார். மூட்டை விலைக்குள் அது ஏற்கெனவே கழிந்திருக்கும். நன்றாகக் காயவைத்துக் கொண்டுவந்தவருக்கும் அதே கழிவுதான். அதுதான் அநியாயம்.

பழைய ஆட்கள் விளக்கெண்ணெய் எடுத்த முறையை நினைத்துப் பாருங்கள். கொட்டமுத்தை வறுப்பார்கள், இடிப்பார்கள், தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பார்கள். வறுத்ததிலும் கொதித்ததிலும் லிப்பேஸ் செத்துவிடும். ஓடு உடைந்ததும் எண்ணெய் கெடாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். நொதி என்ற சொல் தெரியாமலே நொதியை அடக்கத் தெரிந்திருந்தது.

டெல்டா விவசாயிகளுக்கும் ஆலைக்காரர்களுக்கும் இது புதிதாக இராது. அரிசித் தவிட்டிலும் இதே குடும்பத்து லிப்பேஸ்தான் வில்லன். நெல்லைத் தீட்டித் தவிடு உதிர்ந்த கணத்தில் இருந்து அது வேலையைத் தொடங்கிவிடும். உடனே நீராவியில் சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் சில நாட்களில் அந்தத் தவிட்டு எண்ணெய் சமையலுக்கு ஆகாமல் சோப்புக்குத்தான் போகும். புழுங்கல் தவிட்டில் அந்தத் தொல்லை குறைவு. நெல் அவியும்போதே நொதியும் வெந்துவிடுகிறது.

ஆமணக்கில் நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. குலையில் ஒன்றிரண்டு காய்கள் காயத் தொடங்கியதும் அந்தக் குலையை அறுத்துவிடுங்கள். எல்லாக் குலையும் ஒன்றாக முற்றட்டும் என்று காத்திருந்தால் முதல் குலை வெடித்துச் சிதறும், கடைசிக் குலை பச்சையாகச் சேரும். பச்சைக் காய்தான் மூட்டைக்கு ஈரத்தைக் கொண்டுவருகிறது. அறுத்ததைக் குவித்து வைக்காமல் பரப்பிக் காயவிடுங்கள். தடியடியைவிட ஆமணக்கு உடைக்கும் இயந்திரம் மேல். அதிலும் இடைவெளியைக் கொட்டையின் பருமனுக்கு ஏற்பச் சரிசெய்யாவிட்டால் தடியடியே தேவலை என்று ஆகிவிடும். காய்த்துளைப்பான் குடைந்த கொட்டை, சாம்பல் பூஞ்சணம் பிடித்த குலை, உடைந்த பருப்பு மூன்றையும் நல்லதோடு சேர்க்காதீர்கள். ஒரு மூட்டையில் ஒரு படி கெட்ட கொட்டை கலந்தாலும் மொத்த எண்ணெயின் எஃப்.எஃப்.ஏ. ஏறிவிடும். ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் வந்த பிறகே மூட்டை கட்ட வேண்டும். மூட்டை தரையில் படாமல், சுவரில் சாயாமல் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த விவசாயிக்கு என்ன கிடைக்கிறது? இன்றைய நிலையில், ஒன்றும் இல்லை. ஆமணக்குக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது. சமையல் எண்ணெய் வித்து அல்ல என்பதால் அரசின் சமையல் எண்ணெய் வித்துத் திட்டங்களிலும் அது வராது. விலை குஜராத் சந்தையையும் அங்குள்ள முன்பேர வணிகத்தையும் பார்த்து நகர்கிறது. அந்த விலையைத் தமிழ்நாட்டு விவசாயி மாற்ற முடியாது. ஆனால் அந்த விலைக்குள் தரத்துக்கு உள்ள பங்கை வாங்கித் தர இங்குள்ளவர்களால் முடியும். கையில் அள்ளி, கண்ணால் பார்த்து, ஒரு கொட்டையைக் கடித்துத் துப்பி விலை சொல்லும் வழக்கம் இருக்கும்வரை அது நடக்காது.

எஃப்.எஃப்.ஏ. பார்ப்பது அப்படி ஒன்றும் விண்வெளி அறிவியல் இல்லை. மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் பியூரெட், ஆல்கஹால், பினாப்தலீன், அளவறிந்த காரக் கரைசல் போதும். 5 கிராம் எண்ணெயை நடுநிலையாக்கிய ஆல்கஹாலில் கரைத்து, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும்போது நிறுத்த வேண்டும். செலவான ஒவ்வொரு மில்லிக்கும் ஏறக்குறைய 0.6 சதவீதம் என்று கணக்கிட்டால், ரிசினோலியிக் அமில அளவில் எஃப்.எஃப்.ஏ. வந்துவிடும். ஒன்றே முக்கால் மில்லியைத் தாண்டினால் முதல் தரம் போச்சு. உதவி வேளாண் அலுவலர்களும் வேளாண் அறிவியல் நிலையத்தாரும் இதை ஒரு பிற்பகலில் ஊர் இளைஞர்களுக்குக் கற்றுத்தர முடியும். மண்ணுக்குப் பரிசோதனை அட்டை கொடுக்கும் அரசு, எண்ணெய் வித்துக்கு ஒரு சீட்டு கொடுக்க முடியாதா?

இ-நாம் வழி விற்பனையில் தரப் பரிசோதனை ஒரு படி என்று காகிதத்தில் இருக்கிறது. ஆமணக்கு வரும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஈரப்பதமானியோடு, எண்ணெய் அளவும் எஃப்.எஃப்.ஏ.-யும் பார்க்கும் ஏற்பாட்டை வேளாண் விற்பனைத் துறை செய்ய வேண்டும். சீட்டில் எண்ணைப் போட்டு, அந்த எண்ணுக்கு ஏற்ப ஏலம் கேட்கச் செய்ய வேண்டும். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒய்.ஆர்.சி.ஹெச். 1 போன்ற வீரிய ரகங்கள் அங்கிருந்து வந்தவை. விளைச்சலை உயர்த்திய நிலையம், விளைந்ததைத் தரம் பிரித்து விற்கும் வழியையும் பக்கத்து விற்பனைக் கூடங்களோடு சேர்ந்து செய்து காட்டினால் பொருத்தமாக இருக்கும்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. ‘நொதித் தொழில்நுட்பம்’ என்ற பெயரில் இயந்திரம் விற்க வருபவர்கள் இனி அதிகமாவார்கள். நொதி ஆலை நடத்த நுண்ணுயிரியல் தெரிந்த ஆட்களும், தடையில்லா மின்சாரமும், வாங்குபவரோடு எழுதிய ஒப்பந்தமும் வேண்டும். அது இல்லாமல் இறங்கினால் கொட்டகையில் துருப்பிடிக்கும் இயந்திரங்களோடு ஒன்று கூடும். உங்களுக்கு எட்டும் வேலை அதற்கு முந்திய படியில் இருக்கிறது: நூறு பேரின் கொட்டையைச் சேர்ப்பது, உலர்களத்தில் ஒரே சீராகக் காயவைப்பது, உடைந்ததைச் சலித்து ஒதுக்குவது, மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது, சீட்டோடு மொத்தமாக விற்பது. அந்தச் சீட்டோடு ஈரோட்டு ஆலையிடம் பேசலாம், குஜராத் ஆலையிடமும் பேசலாம். குஜராத்தில் வாங்கும் நிறுவனங்களே 2016 முதல் ‘பிரகதி’ என்ற திட்டத்தின் மூலம் ஆமணக்கு விவசாயிகளுக்குச் சாகுபடிப் பயிற்சி கொடுத்து வருகின்றன. சரக்கு நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறை வாங்குபவருக்கே இருக்கிறது என்றால், அந்த நன்மைக்கு விலை கேட்க விற்பவர் தயங்க வேண்டியதில்லை.

சொந்தமாகச் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுபவர்கள் புண்ணாக்கில் கவனமாக இருங்கள். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு தங்கிவிடுகிறது. எண்ணெயில் அது வருவதில்லை. நல்ல தழைச்சத்து உள்ள எரு என்பதால் வயலுக்குப் போடுங்கள். மாட்டுத் தொட்டிக்கு அருகில்கூட அதை வைக்காதீர்கள். வயலில் இடும்போதும் மண்ணோடு கலந்து மூடிவிடுங்கள். மேலே கிடந்தால் ஆடும் நாயும் வாய் வைத்துவிடும்.

ஆடிப்பட்டத்தில் விதைத்தவர்களுக்கு முதல் குலை அறுப்பு மூன்று, மூன்றரை மாதத்தில் வந்துவிடும். அதற்குள் உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் ஒரு மனு கொடுங்கள். உங்கள் விற்பனைக் கூடத்தில் ஆமணக்கு எண்ணெய் அளவும் எஃப்.எஃப்.ஏ.-யும் எப்போது பார்க்கப்படும் என்ற ஒரே கேள்வி அதில் இருந்தால் போதும். பதில் எழுத்தில் வரட்டும். வந்த பதிலின் நகலை இந்தப் பக்கத்துக்கும் அனுப்புங்கள். ஊர் பெயரோடு வெளியிடுகிறோம்.